விளிம்பைத் தாண்டிய கயிறு

கோட்டைச் சுவர் வரைக்கும் கடல் வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. சங்குமுனை என்று ஒரு துறைமுக ஊர். அதை ஆண்ட ராஜா வீரகண்டன் நல்லவன்தான், ஆனால் பெருமைக்காரன். "வருகிற கப்பலில் எல்லாம் ஒரு சின்னம் இருக்கிறது, நம் ஊருக்கு ஒன்று இல்லையே" என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராஜாக்களுக்கு வேறு வேலை என்ன, சொல்லுங்கள்.

ஒரு நாள் சுழியன் என்ற மந்திரவாதி ஈரம் சொட்டச் சொட்ட அரண்மனைக்கு வந்து, ஒரு நீலக் கல்லை இறக்கி வைத்தான்.

"இதைக் கோட்டை வாசலில் பதித்து மூன்று உருவம் செதுக்கச் சொல், ராஜா. உன் ஊர்ப் பெயர் ஏழு கடலும் போகும்."

சும்மா ஏன் கொடுக்கிறான் என்று ராஜா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா?

கல் செதுக்குகிற செம்பியை வரவழைத்தார்கள். அவள் புருஷன் முத்தாண்டி மீன்பிடிக்கிறவன். முதல் நாள் செம்பி மீனைச் செதுக்கினாள். அன்று ஊரில் ஒரு வலையிலும் மீன் விழவில்லை. கடல் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் படகைச் செதுக்கினாள். முத்தாண்டியின் படகையே நினைத்து நினைத்து, ஒட்டுப்போட்ட பலகை வரைக்கும் செதுக்கினாள். அன்று கடலுக்குப் போன படகு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

விடிந்தும் முத்தாண்டி வரவில்லை. என் கையாலேயே அனுப்பிவைத்துவிட்டேனே என்று செம்பி கரைக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். அதற்குள் ராஜாவின் ஆள் வந்து, மூன்றாவதாகக் கோட்டையைச் செதுக்கச் சொன்னான். அவள் அரண்மனைக்கு ஓடினாள்.

"மீனைச் செதுக்கினேன், மீன் போச்சு. படகைச் செதுக்கினேன், படகு போச்சு. கோட்டையைச் செதுக்கினால் ஊரே போய்விடும், ராஜா."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டான். தூணுக்குப் பின்னாலிருந்து சுழியன் சிரித்தான்.

"கல்லின் விளிம்புக்குள் வருவதெல்லாம் எனக்கு. பொழுது சாய்வதற்குள் மூன்றாவதைச் செதுக்காவிட்டால், போன இரண்டும் திரும்பவே திரும்பாது."

"செதுக்கினால் திரும்புமா?" என்றாள் செம்பி.

"செதுக்கினால் நீயே என்னிடம் வந்து உன் புருஷனைப் பார்த்துக்கொள்."

செம்பி கோட்டை வாசலுக்குத் திரும்பி, உளியோடு கல்லின் முன்னால் நின்றாள். கீழே கரையில் கரைவலைக்காரர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வலை எவ்வளவு தூரம் போனாலும் அவர்கள் கயிற்றின் நுனியைக் கரையிலேயே பிடித்திருப்பார்கள். சங்குமுனையில் அதை விட்டவன் கிடையாது. செம்பி அவர்களையே பார்த்தாள். பிறகு உளியைக் கல்லில் வைத்தாள்.

கயிறு செதுக்கினாள். மீனைச் சுற்றி ஒரு சுற்று, படகைச் சுற்றி ஒரு சுற்று. அப்படியே நீலக் கல்லின் விளிம்பைத் தாண்டி, பக்கத்திலிருந்த கோட்டைக் கல்லில் நுனியை முடித்தாள். அப்போது சூரியன் கடலைத் தொட்டுவிட்டது.

கரை மணலில் ஒரு தடித்த கயிற்றின் நுனி வந்து துடித்தது. செம்பி ஓடிப்போய்ப் பிடித்தாள். ஊரே பின்னால் பிடித்தது.

ஒரு இழு இழுத்தார்கள், மீன்கள் துள்ளி வந்தன. இரண்டாவது இழு இழுத்தார்கள், படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒட்டுப்போட்ட படகு மட்டும் வரவில்லை. சுழியன் அதைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள்ளிருந்து அந்தப் பக்கம் இழுத்தான். செம்பியின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிறு நழுவியது. ராஜா கிரீடத்தைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் வந்து பிடித்தான்.

மூன்றாவது இழுப்பில் படகு கரையில் வந்து முட்டியது. உள்ளே முத்தாண்டி இருந்தான். நீலக் கல் வெறும் கல்லாகிவிட்டது. மந்திரம் போன சுழியன் நண்டாகி மணலுக்குள் ஓடி ஒளிந்தான்.

"இனிக் கோட்டையை அதில் செதுக்க வேண்டாம், அம்மா. இருப்பதே போதும்" என்றான் ராஜா. செம்பிக்கு ஒரு புதுப் படகு கொடுத்தான்.

மீன், படகு, கயிறு. இன்றைக்கும் சங்குமுனையின் சின்னம் அதுதான். கயிறு விளிம்பைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து, செதுக்கியவளுக்குக் கை தவறிவிட்டது போல என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஊர்க்காரர்களோ கடலுக்குப் போகுமுன் அந்த நுனியை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் செம்பியும் தொடுவாள். அவள் மட்டும் முத்தாண்டி திரும்புகிற வரைக்கும் கையை எடுக்க மாட்டாள்.