தொண்ணூற்றொன்பது

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் கேம் ஆடக் கற்றுத்தரும் மெர்லினுக்கு இருபத்தாறு வயது. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த வேலப்பனுக்கு நாற்பத்து நான்கு. பஸ் ஓட்டியவர். விபத்தில் இடது கால் போன பிறகு, திரையில் கார் ஓட்டத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கான தேர்வு. அவரவர் லேப்டாப்பில் ஓட்ட வேண்டும்; இருபது சுற்று. முதல் எட்டுப் பேருக்கு இடம்.

வெள்ளிக்கிழமை காலை லேப்டாப்போடு வந்தார்.

“டீச்சர், நாலாவது சுத்துலயே படம் திக்குது. வளைவுல திருப்பினா, சுவத்துல முட்டுன பிறகுதான் கார் திரும்புது.”

மெர்லின் பவர் செட்டிங்கைத் திறந்தாள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கு உச்ச வேகம் நூறு சதவீதம் என்று இருந்தது.

“யாரு வெச்சது?”

“நான்தான். இதுக்கு மேல ஏத்த வழி இருக்கா?”

“கொஞ்சம் ஓட்டுங்க.”

ஓட்டினார். படம் திக்கியது.

“இப்ப கீபோர்டு மேல கை வைங்க.”

வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“சூடு தாங்காம அதுவே வேகத்தைக் குறைச்சுக்குது,” என்றாள். நூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று அடித்தாள்.

“குறைக்கிறீங்களே!”

“நூறு வெச்சா அது சக்திக்கு மீறி ஓடும்; ஒண்ணு குறைச்சாலே அந்த மீறல் நின்னுரும். ஆறட்டும். அப்புறம் ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி.”

நொடிக்கு எத்தனை படம் என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். முன்பு நூற்றிருபதில் தொடங்கி நாற்பதுக்கு விழும். இப்போது எழுபதில் தொடங்கியது. பத்துச் சுற்று போயும் எழுபதிலேயே நின்றது.

வேலப்பனுக்கு முகம் வாடிவிட்டது.

“தொடக்கத்துலயே எல்லாரும் என்னைத் தாண்டிருவாங்க.”

“தாண்டட்டும்.”

சனிக்கிழமை வீட்டில் அவர் யாருக்கும் தெரியாமல் மறுபடி நூறு வைத்தார். நூற்றிருபதைக் கண்குளிரப் பார்த்தார். ஆறாவது சுற்றில் கார் சுவரில் போய் நின்றது. தொண்ணூற்றொன்பதுக்கே மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் சுற்றில் பதினாறாவது ஆள். பத்தாவது சுற்றில் பன்னிரண்டாவது. முன்னால் போனவர்களின் கார்கள், லேப்டாப் சூடேற ஏற, ஒவ்வொன்றாக வளைவில் தடுமாறின. அவர் திருப்பியபோதெல்லாம் அவருடைய கார் திரும்பியது.

மதியம் மெர்லினுக்குப் போன் செய்தார்.

“டீச்சர், ஏழாவது.”

பிறகு கேட்டார்:

“நூத்துல ஒண்ணுதானே எடுத்தீங்க. அப்படி அதுல என்ன இருந்துச்சு?”

“கடைசிச் சுத்து,” என்றாள் மெர்லின்.