ஒதுங்கி நின்ற முள்ளம்பன்றி

வேங்கைமலைக் காட்டில் பவளம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் சில்லு.

அந்தச் சித்திரையில் மலைமேல் இருந்த சுனை சுத்தமாக வற்றிவிட்டது. சில்லு முந்தின நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "அம்மா, தண்ணி!" என்று கத்தக்கூட அதற்குத் தெம்பில்லை. இனி அடிவாரத்து நாவல் குளம்தான் கதி.

குளத்துக்குப் போக ஒரே வழி யானைத்தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். இரண்டு பேர் சேர்ந்தாற்போல நடக்க இடம் கிடையாது. யானைகள் விலாவை உரசி உரசி, பாறையில் அங்கங்கே குடைவு விழுந்திருக்கும். யாருக்காவது வழிவிட வேண்டுமானால் அந்தக் குடைவுக்குள் ஒதுங்கினால்தான் உண்டு.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் கிளம்பினார்கள். சில்லு முன்னால், பவளம் பின்னால். பிறந்து இரண்டு மாதமே ஆன குட்டி. அதன் முட்கள் இன்னும் அறுகம்புல் மாதிரி மெத்தென்று இருந்தன. ஒரு கல் தடுக்கினால் உருண்டுவிடும்.

பவளத்துக்கு இந்தத் தடம் புதிதல்ல. அவளும் அவள் புருஷன் வீரணனும் எத்தனை சாயங்காலம் இதில் இறங்கியிருக்கிறார்கள்! அப்போதெல்லாம் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் ஒரு மரத்தைத் தாண்டியதும், பின்னால் வருகிறவர் ஒரு வரி பாட வேண்டும். பாடி முடித்த பிறகுதான் அந்த மரத்தைத் தாண்டலாம். பாட்டு முடியும் முன்னே மரம் வந்துவிட்டால் ரொம்ப ஒட்டிப் போகிறோம் என்று அர்த்தம். கொஞ்சம் பின்தங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம்!

மானுக்கு ஒரு வரி, நரிக்கு ஒரு வரி, கரடிக்கு ஒரு வரி. முயல்கள் மட்டும் கடகடவென்று முடித்துவிட்டு நெருங்கப் பார்க்கும். "ஏய், இழுத்துப் பாடு!" என்று முன்னால் போகிற மான் அதட்டும். சாயங்காலமானால் தடம் முழுக்க ஒரே முணுமுணுப்பாக இருக்கும். என்ன அழகான காலம் அது!

வீரணன் முன்னால் போவான். பவளம் பின்னால் பாடுவாள்.

"போற வழி நம்ம வழி, பொழுதிருக்கு மெல்ல நட!"

"இன்னொரு தரம் பாடு புள்ள, காதுல சரியா விழல" என்பான் வீரணன். எல்லாம் விழுந்திருக்கும். கேட்க ஆசை, வேறென்ன?

பாட்டை முதலில் விட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கோடையில் தண்ணீர் குறைந்தது. எல்லோருக்கும் அவசரம் வந்தது. அப்புறம் மழை பெய்து குளம் நிறைந்த பிறகும் அவசரம் மட்டும் போகவில்லை.

பாதித் தடம் இறங்கியிருப்பார்கள். பின்னால் ஒரு சத்தம்!

"உர்ர்ர்! உர்ர்ர்!"

பவளம் திரும்பிப் பார்த்தாள். துடியன் என்ற காட்டுப்பன்றி. அவளுடைய வால் நுனிக்கு ஒரு சாண் தள்ளி அவன் மூக்கு இருந்தது. நம் ஊர்ச் சாலையில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, விடாமல் ஹாரன் அடித்து, பளிச் பளிச்சென்று லைட்டும் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே! துடியன் அந்த ரகம்.

"ஏ அக்கா! நகரு, நகரு! இது என்ன சாமி ஊர்வலமா?"

"தம்பி, முன்னால குட்டி நடக்குது. கொஞ்சம் தள்ளி வாப்பா."

"வேகமா நடக்கத் தெரியாதவங்க எதுக்குத் தடத்துக்கு வர்றீங்க?"

"அடேயப்பா! தடத்தை உன் பேருல எழுதி வெச்சிருக்காங்களா?"

"நீயும் பன்றி, நானும் பன்றி. அந்த உரிமையில சொல்றேன். ஓடு!"

பவளம் வால் முட்களைக் கலகலவென்று ஆட்டினாள். முள்ளம்பன்றி அப்படி ஆட்டினால் 'தள்ளிப் போ' என்று பொருள். புலிகூட மதிக்கும். துடியன் மதித்தால்தானே! இன்னும் கிட்டே வந்தான். அவன் மூச்சு அவள் முதுகில் சுட்டது.

ஓடினால் சில்லு சறுக்கிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை.

மேலே மரக்கிளையில் தங்கப்பன் என்ற கருங்குரங்கு உட்கார்ந்திருந்தது. வேடிக்கை பார்க்கச் சொன்னால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"பவளம்! என்ன பார்த்துக்கிட்டே நடக்கறே? டக்குனு நில்லு! முள்ளை விரி! பயல் மூக்கு சல்லடை ஆயிடும்!" என்று அது குதித்தது. "உன் புருஷன் இதே தடத்துல கரடியை நிறுத்தினானே, மறந்துட்டியா? அவனல்லவா வீரன்!"

பவளத்துக்கு உடம்பெல்லாம் சூடேறியது. முட்கள் தாமாகவே எழும்பின. பொய் சொல்வானேன், அவளுக்கும் அப்படி ஒரு ஆசை வந்தது. ஒரே நொடி நின்றால் போதும். இந்தப் பயல் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான். நியாயமும் அவள் பக்கம்தான். வீரணன் பேரும் நிலைக்கும்.

ஆனால் தங்கப்பன் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை எப்போதும் சொல்வதில்லை. அது பவளத்துக்குத் தெரியும்.

போன கார்த்திகை மழையில் ஒரு கரடி இப்படித்தான் வீரணனை ஒட்டிக்கொண்டு வந்தது. வீரணன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் தரம் சொல்லவில்லை. சட்டென்று நின்றான். கரடியின் முகமெல்லாம் முள்! வலி தாங்காமல் அது எம்பிக் குதித்ததில் இரண்டு பேரும் பள்ளத்தில் விழுந்தார்கள். கரடி எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டது. வீரணன் எழவே இல்லை. தப்பு யார் மேல்? கரடி மேல்தான், சந்தேகமென்ன! காடே அப்படித்தான் சொன்னது. சொல்லி என்ன பிரயோஜனம்? அப்போது சில்லு பவளத்தின் வயிற்றில் இருந்தது.

கரடியை நிறுத்திய வீரணனைக் காடு கொண்டாடியது. பவளம் ஏங்கியதோ இன்னொரு தரம் பாடச் சொன்ன வீரணனுக்காக. அந்த வீரணன் இருந்திருந்தால் குட்டியை இப்போது அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். முட்களைப் படிய வைத்தாள்.

"சில்லு, ஓடாதே கண்ணு. இதே மாதிரி நட. அதோ ஒரு குடைவு தெரியுதுல்ல? உள்ள போய்ப் பாறையோட ஒட்டி நின்னுக்கோ" என்றாள். பிறகு திரும்பாமலே குரல் கொடுத்தாள். "தம்பி, பத்தடி பொறுத்துக்கோ. வழி விடுறேன்."

"பத்தடியா? அதுக்குள்ள குளமே வத்திடும்!"

அந்தப் பத்தடி நடப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் அவன் மூக்கு இடித்தது. அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, சட்டென்று குறைக்கவும் இல்லை. சில்லு குடைவுக்குள் நுழைந்தது. பின்னாலேயே பவளமும் நுழைந்து, குட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

துடியன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தான். "அப்படி வா வழிக்கு! பயந்தாங்கொள்ளி!"

"சீச்சீ! வீரணன் பொண்டாட்டியா நீ? மானத்தை வாங்கிட்டியே!" என்று தங்கப்பன் தலையில் அடித்துக்கொண்டது.

பவளத்துக்குச் சுருக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது. அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அம்மா, அவன் ஜெயிச்சுட்டானா?" என்று கேட்டது சில்லு.

"எதுல கண்ணு? நாம தண்ணி குடிக்கத்தானே போறோம்?"

துடியனுக்கோ தலைகால் புரியவில்லை. வளைவில் திரும்பும்போதும் கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டே, "பார்த்தியா என் வேகத்தை!" என்று கத்தினான். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டெருமை, தன் பாட்டுக்குப் பாறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. வளைவில் யாராவது நிற்கக்கூடும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

தொம்!

மதிலில் மோதிய மாதிரி மோதினான். கால் வழுக்கியது. விளிம்பு தாண்டியது. பள்ளத்தில் உருண்டு உருண்டு ஓர் உண்ணிச்செடிப் புதரில் போய்ச் சிக்கினான்.

காட்டெருமை மெல்லத் திரும்பிப் பார்த்தது. "யாரது? ஏதோ ஈ உட்கார்ந்த மாதிரி இருந்துச்சே?"

பவளம் குட்டியோடு வளைவுக்கு வந்தாள். விளிம்பில் மண் சரிந்து கிடந்தது. கீழிருந்து, "அக்கா! காலு போச்சு அக்கா!" என்று அலறல் கேட்டது.

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். அந்தப் பயலுக்குப் பயந்து ஓடியிருந்தால், இதே வளைவில், இதே வேகத்தில், அவர்கள் வந்திருப்பார்கள். காட்டெருமையைக் கண்டு அவள் நின்றாலும் பின்னால் வருகிறவன் நின்றிருப்பானா? சண்டைக்கு நின்றிருந்தாலும் இதே பள்ளம்தான். முன்னால் நடந்தது சில்லு. முதலில் விழுந்திருப்பதும் அதுதான்.

அவள் குட்டியை முகத்தோடு முகம் வைத்து முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து, "தங்கப்பா! வாய் பேசினது போதும். ஓடிப்போய் இவன் கூட்டத்தைக் கூட்டிட்டு வா!" என்றாள்.

தங்கப்பன் கிளைக்குக் கிளை தாவி ஓடியது.

"தம்பி, அசையாம கிட. ஆளு வருது" என்று கீழே பார்த்துச் சொன்னாள் பவளம். அப்புறம் காட்டெருமைக்கு நன்றாகத் தள்ளி நின்றுகொண்டாள். "அண்ணே, அவசரமில்ல. நீங்க நகர்ந்த பிறகு நாங்க வர்றோம்."

"நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுக் காட்டெருமை ஆடி அசைந்து முன்னே போயிற்று.

சூரியன் விழுகிற நேரத்துக்குக் குளம் வந்தது. சில்லு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, வயிறு புடைக்கக் குடித்தது. தும்மியது. மறுபடியும் குடித்தது. பவளம் ஒரு வாய்கூடக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்களும் ரெண்டடி ஒதுங்கியிருந்தா என்னங்க?" என்றாள் மெல்ல. "இன்னைக்கு மூணு பேரா குடிச்சிருப்போமே!"

பின்னால் முட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் பாடம் புகட்ட நிற்பவரைவிட, அவனுக்கு வழிவிட்டுத் தம்மை நம்பி வருகிறவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரே கெட்டிக்காரர்.