மேண்டலினில் இருந்த மங்கல்

பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினால், பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் போகுமா? பிள்ளை என்றால் போகாது. நாகர்கோவிலில் ஒரு மேண்டலினுக்கு அப்படி ஆகிப்போனது.

சிதம்பரதாணு என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளை எடுத்த பிறகுதான் மேண்டலின் பழக வந்தார். சொல்லிக்கொடுத்த மரகதம் டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் டீச்சர் சொன்னால்தான் உட்காருவார்.

அவருக்கு ஒரு பித்து உண்டு. வெளிநாட்டுத் தொழிற்சாலையில் கனத்த பலகையை மேடாகச் செதுக்கிச் செய்து, அந்தக் காலத்தில் கப்பலில் வந்த மேண்டலின்கள் ஊரில் இன்னும் சில வீடுகளில் இருந்தன. வைத்திருப்பவர்களையெல்லாம் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார். ஒவ்வொன்றாக இரவல் வாங்கி வருவார். உள்ளே டார்ச் அடித்துத் தொழிற்சாலை போட்ட நம்பரைப் பார்ப்பார். என்ன மரம், எந்த வருஷம் என்று எழுதிப் படத்தோடு போடுவார்.

மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர், கம்பி முறுக்கும் பழைய திருகுகளை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார். "கெடுத்துவிட்டீர்கள். உங்கள் கையில் இது இருக்கவே கூடாது" என்று எல்லோரும் பார்க்க எழுதினார் சிதம்பரதாணு. அந்த மனிதர் குழுவை விட்டே போய்விட்டார்.

பிறகு, வாட்ஸ்அப் பழக்கமில்லாத பியூலா அம்மாளின் மேண்டலின் வந்தது. கணவர் ஆசீர்வாதம் ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசித்தது. அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேல் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது. படத்துக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று பாலிஷ் போட்டுத் தேய்த்தார். கண்ணாடியாக மின்னியது. 'இன்றுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல' என்று போட்டார். குழுவில் ஒரே கைதட்டல்.

பியூலா அம்மாள் திரும்ப வாங்கிப்போக வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எங்களுது இல்ல. மாத்தி எடுத்திட்டீங்க."

"நம்பரைப் பாருங்கம்மா." டார்ச் அடித்துக் காட்டினார்.

"நம்பரு எனக்கு எதுக்கு? எங்க வீட்டுக்காரங்க கை இருக்க இடம் எங்க?"

சிதம்பரதாணு டார்ச்சை அணைத்தார்.

"உள்ள தேடிப் பாருங்க சார். எங்களுது அங்கதான் இருக்கும். நாளைக்கு வாறேன்." வெறுங்கையோடு போய்விட்டார்.

சிதம்பரதாணு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், பியூலா அம்மா மேண்டலினுக்குப் பாலிஷ் போட்டேன், வீட்டுக்காரர் கை இருந்த இடம் எங்கன்னு கேக்காங்க. நம்பரைக் காட்டியும் நம்ப மாட்டேங்காங்க. எப்படி நிரூபிக்க?"

டீச்சர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, தன் மேண்டலினை அவர் மடியில் வைத்தார்.

"பாலிஷ் இருக்கா சார்?"

"பையில இருக்கு."

"இதையும் தேச்சுத் தாங்க. பளிச்சுன்னு இருக்கட்டும்."

சிதம்பரதாணு துணியை எடுத்தார். மேல் ஓரத்தில் ஒரு மங்கல். தினமும் பாடம் நடக்கும்போது டீச்சரின் முன்கை படிந்திருக்கும் இடம். துணி அங்கே வந்து நின்றுவிட்டது.

"ஏன் சார், கை ஓடலியா?"

"இது உங்க கை பட்ட இடம்லா டீச்சர்."

குழந்தை அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்துகொண்டு இருந்தது.

சிதம்பரதாணு தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "மெல்லிசா உப்புத்தாள் இருக்கு. அந்த அம்மா மேண்டலினப் பழையபடி மங்க வச்சிரட்டுமா? அவங்களுக்குத் தெரியாது."

"வைக்கலாமே. எம்புட்டு இடத்துக்கு? அவரு கை ஒல்லியா, தடியா?"

"தெரியாது."

"கைய அழுத்தி வைப்பாரா, பட்டும் படாமலா?"

"நான் அவரைப் பாத்ததே இல்ல டீச்சர்."

"பாத்தவங்க நாளைக்கு வாறாங்கல்லா. கேட்டுக்கிடுங்க."

விடிந்ததும் சிதம்பரதாணு குழுவில் தான் போட்ட படத்தை நீக்கினார். மார்த்தாண்டத்துக்காரருக்கு எழுதிய அதே வார்த்தையில் எழுதினார்: 'கெடுத்துவிட்டேன். என் கையில் இது இருக்கவே கூடாது.' படிக்க அந்த மனிதர்தான் அங்கே இல்லை.

பியூலா அம்மாள் வந்தார்.

"கிடைச்சுதா சார்?"

"அம்மா, இதுதான் உங்களுது. அழுக்குன்னு நெனச்சு நான்தான் தேச்சுட்டேன்."

அவர் மேண்டலினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மின்னுகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. சிதம்பரதாணு நின்றுகொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி வாசிப்பாருன்னு..." என்று தொடங்கினார் சிதம்பரதாணு. மரமும் வருஷமும் எழுதும் நோட்டைத் திறந்தார்.

பியூலா அம்மாள் தலை நிமிராமலே சொன்னார்:

"வலது கைச் சட்டைய முழங்கை வரைக்கும் மடிச்சுட்டுத்தான் இத எடுப்பாங்க. எழுதிக்கிடுங்க சார்."