வளராத ஜிங்கோ

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. கோத்தகிரிப் பக்கம், மலை மேல. பேரு பிலோமி. புருஷன் அருள்தாஸ். ஒரே பொண்ணு ரூபி, அஞ்சு வயசு. ம் சொல்லு.

அப்போ பிலோமி நர்சரியிலேர்ந்து ஒரு குட்டை ஜிங்கோ மரம் வாங்கிட்டு வந்தா. இலையெல்லாம் குட்டிக் குட்டி விசிறி. "இதுக்கு மேல வளராதும்மா. வேர்ல தண்ணி மட்டும் தேங்கக்கூடாது"ன்னாரு நர்சரிக்காரர். அதனால மணலும் எருவும் கலந்து, ஜன்னலுக்கு நேரா தோட்டத்துல நட்டா. ரூபி பக்கத்துல நின்னு மண்ணை அமுக்கினா. மரமும் அவளும் ஒரே உசரம். பாத்ததும் பிலோமிக்கு ஆசை பொங்கிடுச்சு. "நீயும் இப்படியே இருந்துடேன்டி தங்கம்"னா.

காத்தே இல்ல. ஆனா இலையெல்லாம் சலசலன்னு ஆடுச்சு.

அப்புறம் மழை வந்துச்சு, போச்சு. பனி வந்துச்சு, போச்சு. இப்படியே ஏழு வருஷம் போச்சு. ரூபிக்கு மட்டும் செருப்பு பத்தாமப் போகவே இல்ல. கூடப் படிச்ச பிள்ளைங்க பெரிய பள்ளிக்கூடம் போயிட்டாங்க, அவ அதே சின்ன பெஞ்சுல. டாக்டருக்கும் ஒண்ணும் புரியல. தூங்கிட்டியா? ம்.

அப்போதான் அருள்தாஸ் மரத்தைப் பாத்தான். அதுவும் துளிகூட வளரல. பிலோமி அழுதுக்கிட்டே, மரம் நட்ட அன்னைக்கு ரூபிகிட்ட சொன்னதைச் சொன்னா. அவன் மம்மட்டி எடுத்து வேரைக் கொத்தினான், ணங்! வீட்டுக்குள்ளேர்ந்து ரூபி, "அப்பா, கால் வலிக்குது!" அப்புறம் கத்தரியால ஒரு கிளையை, நறுக்! ரூபி விரல்ல ரத்தம். கத்தரியைப் போட்டுட்டு உக்காந்துட்டான்.

மூணாவதா பிலோமி போனா, வெறுங்கையோட. முட்டி போட்டு மரத்தைக் கட்டிப் பிடிச்சா. சில்லுனு இருந்துச்சு.

"நான்தான் கேட்டேன். தெரியாமக் கேட்டுட்டேன். அவ வளரட்டும். என்னை விட்டுப் போனாலும் போகட்டும்."

அப்புறம் அத்தனை இலையும் ஒரே மூச்சுல மஞ்சளாச்சு. பொலபொலபொலன்னு கொட்டுச்சு, ஒண்ணுகூட மிச்சமில்ல. வீட்டுக்குள்ள டக்... டக்... டக்... பால் பல்லு தரையில விழுற சத்தம். அப்புறம் டர்ர்ருனு துணி கிழியுற சத்தம்.

பிலோமி ஓடினா. போர்வையைச் சுத்திக்கிட்டு நெடுநெடுன்னு ஒரு பொண்ணு நின்னா. பன்னெண்டு வயசு இருக்கும். முகம் ரூபிதான். குரல்தான் வேற.

"அம்மா, பசிக்குது. ரொம்ப நாளாப் பசிக்குது."

பிலோமி தூக்கப் பாத்தா. முடியல. நடுவுல இருந்த ஆறு வயசு, ஏழு வயசு ரூபியெல்லாம் எங்க போனாங்களோ, பெத்தவளே பாக்கல. தட்டு எடுத்து வச்சு, அழுதுக்கிட்டே சோறு போட்டா. ரூபி பானையைக் காலி பண்ணிட்டு நிமிந்து பாத்தா.

"இன்னும் இருக்காம்மா?"

"இரு, உலை வைக்கிறேன்"னு பிலோமி அரிசி களைய எழுந்தா.

கதை அவங்க வீட்லயே இருக்கட்டும். நீ கண்ணை மூடு.