மூன்றில் ஒன்றா, நாலில் ஒன்றா?

“வகுப்பில் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்று இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வகுப்பு இல்லை…”

அதற்கு மேல் என்ன சொன்னார்? பழைய தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற அன்று மேடையில் பேசியது. வகுப்பு இல்லை, வேறு என்னவோ. அந்த என்னவோவை அருமைநாயகம் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். பயந்திருக்கிறவனுக்கு எதுதான் ஞாபகத்துக்கு வரும்?

பயப்படக் காரணம் இருந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் நின்ற ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அவர்தான் இப்போது தலைமையாசிரியர். சுற்றுவட்டாரத்துப் பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. “கல்லூரியாக உயர்ந்தால் நடத்துவோம். இல்லையென்றால் இந்தக் கோடையோடு சாவியைக் கொடுத்துவிடுங்கள்” என்று அறக்கட்டளை கைகழுவத் தயாராகிவிட்டது. சாவி போனால் முதலாண்டு மாணவிகள் அரைகுறைப் படிப்போடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக வளாகத்திலேயே இருந்த மாதிரிப் பள்ளியும் போய்விடும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு, நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

கல்லூரியாக உயர்த்தலாமா என்று பார்க்க ஆய்வுக்குழு வந்தது. கட்டடம் பார்த்தது, நூலகம் பார்த்தது. குழுவின் தலைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கட்டடத்தை யாரும் கட்டிவிடலாம் சார். இங்கே ஆசிரியர் உருவாகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள்” என்றார்.

எந்தப் பாடம் என்று முடிவு செய்தது பயிற்றுமுறை சொல்லித்தரும் பாக்கியமணி டீச்சர். நாலாம் வகுப்பு, பின்னம். அங்கே பயிற்சிப் பாடம் என்றாலே அதுதான். ஒவ்வொரு மாணவியும் அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தி மதிப்பெண் வாங்கிப் போவது வழக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடத்த வந்தவள் இரண்டாமாண்டு செண்பகவல்லி. குழு பின்பெஞ்சில் உட்கார்ந்தது. பிள்ளைகளுக்குச் செய்தித்தாளில் வெட்டிய வட்டங்களைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்: “மூணுல ஒண்ணு பெரிசா, நாலுல ஒண்ணு பெரிசா?”

முப்பிடாதி என்கிற சிறுமி எழுந்தாள். “நாலுல ஒண்ணுதாங்க்கா. மூணவிட நாலு பெரிசுல்லா!”

எல்லாப் பயிற்சி மாணவிகளும் காத்திருக்கிற தப்பான விடை அது. இனி வட்டத்தை மடிக்க வேண்டும், பிள்ளை தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க வேண்டும், பாடம் முடிந்துவிடும். தலைவியின் முகத்தில் திருப்தி தெரிந்தது. அருமைநாயகத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

செண்பகவல்லி குனிந்து முப்பிடாதியின் கையிலிருந்த வட்டத்தைப் பார்த்தாள். அது ஏற்கெனவே மூன்றாக மடிக்கப்பட்டிருந்தது. வட்டத்தை மூன்றாக மடித்தால் பெரியவர்களுக்கே கோணிக்கொண்டு போகும். இதில் ஓரம் பிசகவில்லை.

“ஏட்டி, உனக்கு நெசமாவே தெரியாதா?”

சிறுமி பின்பெஞ்சைப் பார்த்தாள். “தெரியுங்க்கா.”

“பெறகு ஏன் தப்பாச் சொன்னே?”

“சரியாச் சொல்லிட்டா உங்களுக்கு நடத்துறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்லா? மார்க்கு போயிரும்லா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. செண்பகவல்லி சிரிக்கவில்லை. கையிலிருந்த பாடக்குறிப்பை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“சரி. மூணுல ஒண்ணையும் நாலுல ஒண்ணையும் ஒட்ட வச்சா, பாதி வட்டத்துக்குக் கூட வருமா, கொறைய வருமா?”

யாருக்கும் தெரியவில்லை. ஒரு கைகூட உயரவில்லை. பிறகு ஒருவன் முனகினான், இன்னொருத்தி மறுத்தாள், காகிதங்கள் கிழிந்தன. சத்தம் கூடிக்கொண்டே போனது. விடை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

தலைமையாசிரியர் அறையில் தலைவி நேராகக் கேட்டார்: “அந்தச் சின்னப்பிள்ளை சொன்னது விளையாட்டா, நிஜமா? விளையாட்டு என்றால், பயிற்சி மாணவி பதறிப்போய்ப் பாடத்தைக் கெடுத்துவிட்டாள். அவளை ஃபெயில் போடுங்கள். மத்தியானம் வேறொரு பெண்ணின் பாடத்தைப் பார்த்துவிட்டு நல்லபடியாக எழுதுகிறோம். நிஜம் என்றால், நீங்கள் எங்களுக்குக் காட்ட நினைத்தது பாடமே இல்லை. அதற்குக் கல்லூரி எதற்கு?”

ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டு அருமைநாயகம் வராந்தாவுக்கு வந்தார். பாக்கியமணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“பிள்ளைக்கு வெளையாட்டுப் புத்தின்னு சொல்லிருங்க சார்.”

“உங்களுக்கு முந்தியே தெரியுமா டீச்சர்?”

“தெரியும். நான் சொல்லிக் குடுக்கல, அதுகளாப் பழகுனது. இந்தப் பாடம்னா தப்பாதுன்னுதான் குடுத்தேன். ஒருத்தி ஃபெயிலானா அடுத்த வருசம் எழுதிக்கிடுவா. பள்ளிக்கூடம் போனாப் போனதுதான் சார்!”

செண்பகவல்லி தூணோடு ஒட்டி நின்றாள். “கெடுக்கணும்னு பண்ணல சார். அது மொகத்தப் பாத்தப்புறம் எனக்கு மேல நடத்த வரல.”

வேப்பமரத்தடியில் நாலாம் வகுப்பு சாப்பிடாமல் மண்டியிட்டுக் கிடந்தது. தட்டுகள் ஒரு பக்கம், கிழிந்த வட்டங்கள் ஒரு பக்கம். முப்பிடாதியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: “ஏலே, இடிக்குது பாருலே! சரியா ஒட்டு!”

அருமைநாயகம் அறைக்கதவில் கையை வைத்தார்.

அக்காவுக்காகப் பொய் சொன்னாள் ஒருத்தி. பள்ளிக்காக அந்தப் பொய்யைத் தெரிந்தே பயன்படுத்தினாள் ஒருத்தி. எல்லார் தலையிலும் கல் விழும் என்று தெரிந்தும் அந்தப் பொய்யை உடைத்தாள் ஒருத்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி? உள்ளே போய் அவர் என்ன சொல்ல வேண்டும்?

விடை: முப்பிடாதிதான் என்பீர்கள், அவள் அன்பில் குறை சொல்ல முடியாது. பாக்கியமணி என்பவர்களிடமும் சண்டைக்குப் போக முடியாது. அத்தனை பேர் சோறு அதில் இருக்கிறது. ஆனால் தலைவி பார்க்க வந்தது ஒன்றே ஒன்று: இங்கே ஆசிரியர் உருவாகிறாரா என்று. மணி அடித்த பிறகும் பிள்ளைகளைச் சோற்றுப் பக்கம் போகவிடாத கேள்வி யாருடையது என்று பாருங்கள். செண்பகவல்லி செய்ததே சரி. பழையவர் மேடையில் சொன்ன மிச்சமும் அருமைநாயகத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது: அது வகுப்பு இல்லை, நாடகம். உள்ளே போய், “பிள்ளை சொன்னது நிஜம்” என்றார். மத்தியானப் பாடத்துக்கு வேறு பெண்ணை அனுப்பவில்லை. அதே வகுப்புக்குச் செண்பகவல்லியையே அனுப்பினார்.