பொட்டு வைத்த கையேடு

ஒருநாள் பொழுது சாய்ந்ததும், கண் ஆஸ்பத்திரியின் சர்வர் அறையிலிருந்து, சுவரிடுக்கில் பூனைக்குட்டி மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள் நின்றுபோயிருந்தது.

மேலாளர் ஆவுடையப்பன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த செலினிடம் ஒரு தடித்த கையேட்டை நீட்டினார்.

“வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு நான் பொட்டு வைக்கிற புத்தகம். இதுல இருக்கிறபடி செய். காலையில ஆபரேஷன் பட்டியல் வரலைன்னா நீயும் வர வேண்டாம்.”

செலின் அதிலிருந்த கட்டளையை மூன்று முறை அப்படியே தட்டினாள். அப்படியொரு கட்டளையே கிடையாது என்று சர்வர் மூன்று முறையும் சொன்னது.

“ஏம்மா, உனக்கு வாசிக்கத் தெரியாதா?” என்று அவர் கத்தியதில் நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். அவமானத்தில் அவளால் நிமிர முடியவில்லை. குனிந்த தலைக்கு நேரே, மூடிக் கிடந்த கையேட்டின் அட்டைதான் இருந்தது.

“இந்த அட்டையை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, சார்.”

“பொட்டு மறைக்குதேம்மா.”

காய்ந்த சந்தனத்தை அவள் நகத்தால் சுரண்டினாள். அடியில் ‘பதிப்பு 2-க்கு மட்டும்’ என்றிருந்தது. சர்வரில் ஓடும் மென்பொருள் எந்தப் பதிப்பு என்று உடனே தட்டிப் பார்த்தாள்.

“நம்ம சர்வர்கிட்ட கேட்டேன், சார். அது பதிப்பு ஏழுங்குது. அதுக்கு யாரும் பொட்டு வைக்கலை பாருங்க, பளிச்சுன்னு சொல்லுது.”

நர்சுகள் சிரித்தார்கள். செலின் மென்பொருளின் இணையதளத்தில் ஏழாம் பதிப்புக்கான பக்கத்தைத் தேடிப்பிடித்து, அதிலிருந்த கட்டளையைத் தட்டினாள். சத்தம் நின்றது. பட்டியலும் வந்தது.

ஆவுடையப்பன் கையேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தன் அறைக்குள் போனார். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டது அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.