ராஜாவின் பருத்தி ஊஞ்சல்

முன்னொரு காலத்தில் கரிசல்பட்டணத்தை மாறவேலர் என்றொரு ராஜா ஆண்டார். எடையும் பெரிது, ஆசையும் பெரிது. ஒருநாள் பருத்திக் கயிற்றில்தான் ஊஞ்சலாடுவேன் என்று அடம்பிடித்தார்.

குதிரை லாயத் தலைவர் பூதநாதர் முந்திக்கொண்டார். "நூற்பவள் சடைச்சியும் திரிக்கட்டும், நானும் திரிக்கிறேன். என் கயிறு ஜெயித்தால் அவள் ஊர்ப் பருத்திக்காடு என் குதிரைகளின் மேய்ச்சலுக்கு!"

ராஜாவுக்கு வேடிக்கை கிடைத்தால் போதாதா? ஒரு மாதம் கெடு வைத்தார்.

பூதநாதர் மறுநாளே பச்சைக் காய்களைப் பறித்து உடைத்து நூற்க வைத்தார். சடைச்சியோ மூன்று வாரம் சும்மா இருந்தாள். "காடு போகப்போகுதுடி!" என்று ஊரே திட்டியது. காய் தானாக வெடித்து வெயிலில் காய்ந்த பிறகுதான் ராட்டையைத் தொட்டாள்.

கெடுநாள் வந்தது. இரண்டு கயிறும் ஒரே தடிமன். சடைச்சி திடீரென்று கண்ணைக் கசக்கினாள். "சாமி, என் கயித்துல மட்டும் தண்ணி படாமப் பாத்துக்குங்க!"

பூதநாதருக்கு வாயெல்லாம் பல். "மகாராஜா, மழையிலும் ஆட வேண்டாமா? அவள் கயிற்றை நனைத்தே பார்ப்போம்!" என்று தன் கையாலேயே நாலு குடம் ஊற்றினார்.

ராஜா முதலில் பூதநாதரின் ஊஞ்சலில் ஏறினார். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, டப்! கயிறு அறுந்து ராஜா பூதநாதர் மேலேயே விழுந்தார். பாவம், பூதநாதர்.

இடுப்பைத் தேய்த்துக்கொண்டே ராஜா நனைந்த கயிற்றில் ஏறினார். வேட்டியெல்லாம் ஈரம். ஆனால் கயிற்றில் ஒரு புரிகூட அறுபடவில்லை.

"எப்படியம்மா?" என்றார்.

"பருத்தி இழை உள்ளே குழல் சாமி. முதல்ல நீளமா வளரும், அப்புறந்தான் சுவர் தடிக்கும். ஐயா உடைச்ச காயில நீளம் இருந்துச்சு, சுவர் இல்லை. விளைஞ்ச இழை காயும்போது தட்டையாகி முறுக்கிக்கும், பக்கத்து இழையை விடாது. நனைஞ்சா இன்னும் உறுதியாகும்."

"பின்னே எதற்கு அழுதாய்?"

"அழாட்டா ஐயா தண்ணி ஊத்தியிருப்பாரா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். காட்டை அந்த ஊருக்கே என்றென்றைக்கும் பட்டயம் எழுதிக் கொடுத்தார். பூதநாதருக்கும் ஒரு வேலை: அடுத்த பருவம் முழுக்க அந்த வரப்பில் உட்கார்ந்து, காய் வெடிக்கும் வரை காவல் காக்க வேண்டும்.

அவரும் காத்தார். தண்ணீருக்குப் போகிற பெண்கள் எல்லாரும் நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள்:

"நாலு குடம் போதுமாங்கய்யா?"